கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு ஹெல்மட்

இந்த நாட்டில் எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிற முன்பின் தெரியாத மனிதர் உங்களைப் பார்த்துத் தலையாட்டுவார். வெள்ளை, கறுப்பு, கிழவர், இளந்தாரி என்ற பேதம் கிடையாது. லெஸ்டரில் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகத் தொடங்கிய புதிதில் ஒருவர் அப்படித் தலையாட்டியதும், நான் ஓரங்கட்டி நிறுத்தி இறங்கி, சைட் ஸ்ராண்ட் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். மடங்கித்தான் இருந்தது. பின் லைட் எரிந்தது, ரயரில் காற்று இருந்தது. அடுத்த சந்தியில் இன்னொருவர் ஆட்டினார். செயின்தான் கழன்று தொங்குகிறதாக்கும் என்று மழைக்குள் முழங்காலில் இருந்து குனிந்து பார்த்தேன். செயினும் அதன் இடத்தில்தான் இருந்தது. வேலைக்குப் பிந்திப் போய்க் காரணம் சொன்னபோது, எங்கள் களஞ்சியசாலையில் வேலை செய்யும் கெரி என்பவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மோட்டார் சைக்கிள்காரர் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லும் முறையாம் அது. சும்மா ஒரு வணக்கம். பின்னால் ஒரு பிழையும் இல்லாத வணக்கம் ஒன்று இருக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

திருகோணமலையில் எதிரே வருகிறவர் தலையாட்டினால் அதற்கு இரண்டே அர்த்தம். ஒன்று, உன் ஸ்ராண்ட் கீழே இருக்கிறது. மற்றது, வளைவுக்கு அங்கால பொலிஸ் நிற்கிறது, முழங்கையில் கொழுவியிருக்கிற ஹெல்மட்டைத் தலையில் போடு. எங்கள் ஊர் சாம்பல்தீவிலிருந்து திருகோணமலை ரவுணுக்குப் போய் வருவதற்குள் “அண்ணை, ஸ்ராண்ட்!” என்று யாராவது கத்தாத நாள் எனக்கு ஞாபகமில்லை. கத்திவிட்டுத் திரும்பியும் பார்க்காமல் போய்விடுவார்கள். நன்றி சொல்லவும் நேரமிராது. உங்கள் உயிரில் அக்கறை எடுத்தவரின் முகம் கடைசிவரை உங்களுக்குத் தெரியாது.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். படித்தவர்கள் நினைத்துப் பார்த்துத் தள்ளிவிடுகிற பயங்களை எல்லாம் நான் நினைத்துப் பார்த்து எடுத்து வைத்துக்கொள்வேன். காலையில் வேலைக்கு வெளிக்கிட முன் உள்ளே ஒரு கம்பளிச் சட்டை, மேலே தடித்த ஜக்கெற், அதற்கு மேலே தெருவேலை செய்பவர்கள் போடுகிற மின்னுகிற மஞ்சள் அங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை. இவ்வளவும் போட்டு முடித்த பிறகுதான் வண்டியைக் கிளப்பும் திறப்பு எல்லாவற்றுக்கும் அடியில் காற்சட்டைப் பையில் இருப்பது ஞாபகம் வரும். என் மனிசி யன்னலால் பார்த்து, “நிலாவுக்கோ போறியள்?” என்று கேட்பாள். ஊரில் நாங்கள் சாரத்தை மடித்துக் கட்டி, பாட்டாச் செருப்போடு, பின்னால் ஒரு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு போனவர்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதுதான் பயம் வருகிறது. அப்போது வரவில்லை.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இப்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். கடற்கரை றோட்டில் ஓடுகிற வண்டியின் செயினை உப்புக்காற்று சத்தமில்லாமல் தின்னும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, காயவிட்டு, பிறகு ஒயில் போடுங்கள். ஊத்தைக்கு மேலே ஒயில் ஊற்றுவது குளிக்காமல் பவுடர் போடுகிற மாதிரி. இங்கே இருக்கிறவர்களும் தப்பியதாக நினைக்கவேண்டாம். லெஸ்டருக்குப் பக்கத்தில் கடல் கிடையாது. ஆனால் பனிக்காலம் வந்தால் அரசாங்கமே லொறியில் உப்பைக் கொண்டுவந்து றோட்டெல்லாம் கொட்டும். உப்பைவிட்டு இவ்வளவு தூரம் ஓடிவந்தவனின் செயினில் உப்பு. ஓடி முடித்ததும் பச்சைத் தண்ணீரால் கழுவுங்கள்.

என் பயங்களில் பெரியது என் தங்கச்சி வசந்தி. சாம்பல்தீவில் இருக்கிறாள், குச்சவெளியில் ஒரு அலுவலகத்தில் வேலை. காலையில் ஸ்கூட்டியில் அந்தக் கடற்கரை றோட்டால் போய்ப் பின்னேரம் திரும்பி வருவாள். மாடு, நாய், காற்றில் ஏறிக் கிடக்கும் மணல், பின்னால் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும் பஸ், எல்லாவற்றோடும் அவளுக்குப் பழக்கம். எனக்குத்தான் பழக்கமில்லை. கடை கடையாக ஏறி, என் தலையிலேயே போட்டுப் பார்த்து, நல்ல ஹெல்மட் ஒன்று வாங்கி ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு முறை போன் எடுக்கும்போதும் முதல் கேள்வி அதுதான்.

“போடுறியா?”

“ஓம் அண்ணா, அது வலு பத்திரம்.”

அந்தப் பதிலில் இருந்த பிழை எனக்கு விளங்கவில்லை. ஒருநாள் வீடியோவில் கதைத்துக்கொண்டிருக்கும்போது அவளுக்குப் பின்னால் கண்ணாடி அலுமாரி தெரிந்தது. கலியாணத்துக்கு வந்த தேத்தண்ணிக் கோப்பைகள், ஒரு பிளாஸ்டிக் ரோசாப்பூக் கொத்து, இரண்டுக்கும் நடுவில் பொலித்தீன் உறை கழற்றாமல் என் ஹெல்மட். சாமிப்படத்துக்குப் போடுகிற சின்ன மின்குமிழ் ஒன்று அதன் மேல் எரிந்துகொண்டிருந்தது.

“அது என்னடி அங்க?”

“வெயிலில கொண்டு திரிஞ்சா நிறம் போயிடுமெல்லோ? வீட்டுக்கு வாற ஆக்களெல்லாம் பாத்திட்டுத்தான் போகினம்.”

எங்கள் ஆட்களைக் குறை சொல்லவும் ஏலாது. வெளிநாட்டிலிருந்து வருகிற சாமான் பாவிப்பதற்கல்ல, வைத்திருப்பதற்கு. சென்ற் போத்தல் காற்றாகிப்போகும் வரை மூடியிருக்கும். நல்ல துவாய் நல்ல துவாயாகவே இற்றுப்போகும். ஆனால் துவாய் ஒரு மண்டையைக் காப்பாற்றுவதற்கு வாங்கியதல்லவே. அன்றிலிருந்து எனக்கு நித்திரை போனது. லீவு கேட்டு, ரிக்கற் போட்டு, ஊருக்கு வந்து நின்றேன்.

வந்து பார்த்தால் அவள் போட்டுத் திரிகிற பழைய ஹெல்மட், நான் நினைத்ததைவிட மோசம். போன மாரி மழைக்காலத்தில் மணலில் சறுக்கி விழுந்தபோது பக்கவாட்டில் நீளமாக ஒரு வெடிப்பு. அதைப் பூப்போட்ட ஸ்ரிக்கரால் மூடியிருந்தாள். நாடிக்குக் கீழே பட்டியைக் கொழுவுகிற கொக்கி எப்போதோ போய், அந்த இடத்தில் ஒரு சட்டை ஊசி குத்தியிருந்தது. நிலாவெளியில் முட்டை வாங்கினால் அதற்குள்தான் அடுக்கிக்கொண்டு வருவாளாம்.

“முட்டை ஒண்டும் உடையிறேல்ல மச்சான்,” என்றார் அவளுடைய புருசன் செல்வன். ஓட்டோ ஓடுகிறவர். “அப்ப தலை எப்பிடி உடையும்?”

அவரோடு கதைத்து வெல்ல ஏலாது. ஹெல்மட் என்பது ஒரு பெரிய அடியைத் தாங்கிவிட்டுச் செத்துப்போகிற சாமான், வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே மெத்தை நசிந்திருக்கும், பிறகு மாற்றத்தான் வேண்டும் என்று விளக்கினேன். சைட் கண்ணாடியில் கொழுவி வைத்தால் உட்பக்கம் பள்ளம் விழும் என்றேன். முகக் கண்ணாடியைப் பெற்றோலால் துடைக்கிறார்கள், அது மங்கி வெடிக்கும், இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொஞ்சச் சவர்க்காரமும் போதும், உள்துணியைக் கழற்றித் தோய்த்து நிழலில் காயவிடுங்கள் என்றேன். வசந்தி, வெயிலுக்கு எங்கள் பெண்பிள்ளைகள் செய்கிற மாதிரி, ஜக்கெற்றை முன்பின்னாக மாறிப் போட்டுக் காட்டி, தொங்கிய சால்வையைச் சுருட்டினாள். அதைச் சில்லுக்குள் போகாமல் இடுப்பில் செருகு என்றேன். இருவரும் நல்ல பிள்ளைகளாகக் கேட்டார்கள். பிறகு செல்வன், “மச்சான், இதெல்லாம் அங்க சோதினைக்குப் படிக்கிறதோ?” என்றார். அலுமாரி பூட்டியபடியே இருந்தது.

மறுநாள் ரவுணில் ஒரு வேலை இருந்தது. செல்வனின் ஹெல்மட்டை நான் போட்டுக்கொண்டேன். வசந்தி பழையதைப் போட்டுக்கொண்டு தன் ஸ்கூட்டியில் எனக்குப் பின்னால் ஏறினாள். எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவருக்கு, லெஸ்டர் பழக்கத்தில், நான் தலையாட்டிவிட்டேன். அவர் உடனே பெற்றோல் தாங்கியில் வைத்திருந்த ஹெல்மட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்தார். பின்னால் வந்தவர் அவரைப் பார்த்துப் போட்டார். மூன்றாவது வண்டியில் மூன்று பேர் இருந்தார்கள், நடுவில் இருந்தவர் இறங்கி நடக்கத் தொடங்கினார். தலையாட்டலுக்கு இங்கே வணக்கம் என்ற அர்த்தமில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“இனிமேல் பொலிசுக்குச் சம்பளம் தேவையில்ல,” என்று வசந்தி என் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தாள். “உங்களை ஒரு கதிரையில இருத்தி விட்டாக் காணும், ஊர் முழுக்க ஹெல்மட் போடும்.”

அந்தச் சிரிப்போடுதான் கோட்டைப் பக்கம் திரும்பினோம். எங்கள் ரவுணில் மான்கள் பஸ்ஸுக்கு நிற்கிற சனம் மாதிரி றோட்டோரத்தில் நிற்கும், யாரும் பார்ப்பதில்லை. அதில் ஒன்று, என்ன நினைத்ததோ, குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன். மெதுவாகத்தான் போனோம், மெதுவாகத்தான் விழுந்தோம். ஆனால் நான் எழும்ப முன் கண்டது, வசந்தியின் ஹெல்மட் ஊசி கழன்று, அவளைவிட்டுத் தனியாக உருண்டு போவதைத்தான். தலை றோட்டில் படவில்லை. முழங்கையில் மட்டும் தோல் போயிருந்தது. மான் போய் ஹெல்மட்டை முகர்ந்து பார்த்தது, தின்ன ஒன்றுமில்லை என்று விலகிப் போனது. வசந்தி போய் ஹெல்மட்டை எடுத்து, மண் தட்டி, திரும்பவும் போட்டாள்.

“பாத்தியளோ அண்ணா? எத்தினை தரம் விழுந்தாலும் உடையாத சாமான்.”

“அது உடைஞ்சு கனகாலம், வசந்தி. இனி உடைய ஒண்டுமில்ல.”

வீடு வரும் வரை நான் ஸ்கூட்டியை நடக்கிற வேகத்தில் ஓட்டினேன், சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறக்கச் சொன்னேன். பார்க்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்துத் திறந்தாள். நான் ஹெல்மட்டை எடுத்து, பொலித்தீனைக் கிழித்து, வாசல் கதவுத் திறப்பால் அதன் நெற்றியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு கீறு கீறினேன். மான் வந்தபோது கத்தாதவள் அப்போது கத்தினாள். குசினியிலிருந்து செல்வன் தேத்தண்ணியோடு ஓடி வந்தார்.

“அண்ணாவுக்குத் தலையில அடிபட்டிட்டுது போல!” என்றாள் வசந்தி அவரிடம்.

“எனக்கொண்டும் இல்ல,” என்றேன். “இனி இதை ஆருக்குக் காட்டப் போறியள்? வடு விழுந்த சாமானை அலுமாரியில வைப்பியளோ?”

வசந்தி அன்றைக்கு முழுக்கக் கீறலில் விரலை வைத்துத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் தூங்கவில்லை, பூச்சை மட்டும் கீறினேனா, அதற்குக் கீழேயுள்ள ஓட்டிலும் கீறல் விழுத்திவிட்டேனா என்ற யோசனை. வாசிக்கிறவர்கள் இந்த வைத்தியத்தைச் செய்து பார்க்கவேண்டாம், எனக்கே இன்னும் சந்தேகம் தீரவில்லை. காலையில் அவள் ஜக்கெற்றை மாறிப் போட்டாள், சால்வையைச் செருகினாள், கீறல் விழுந்த ஹெல்மட்டைப் போட்டு, “டிக்” என்று சத்தம் கேட்க நாடியில் பூட்டினாள். “பாவிச்ச சாமானாக்கிப் போட்டியள்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பழையது வீட்டில் கிடந்தால் நான் விமானம் ஏறியதும் அவள் அதற்கே திரும்பிவிடுவாள். அதனால் அதை என்னோடு லெஸ்டருக்குக் கொண்டுவந்துவிட்டேன். குப்பையில் போடத்தான் நினைத்தேன், உள்ளே தேங்காயெண்ணெய் மணம் இருந்தது, மனம் வரவில்லை. மனிசி வீட்டுக்குள் விடமாட்டேன் என்றாள். வேலையிடத்தில் உடுப்பு வைக்கிற என் பெட்டகத்தின் மேல் வைத்தேன். வெடிப்பு வெளிப்பக்கம் தெரிந்தது.

தேத்தண்ணி நேரத்தில் கெரி அதைக் கண்டுவிட்டு, இது யாருடையது என்று கேட்டார். என் தங்கச்சியினுடையது என்றேன். அவர் வெடிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் மாறியது. எப்போது நடந்தது என்றார். போன மாரியில் என்றேன். தோளில் கை வைத்தார். எனக்கு அப்போதுதான் விளங்கி, அவசரத்தில் என்னுடைய அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன்: இல்லை இல்லை, அவள் இப்போது நல்லாயிருக்கிறாள், கடற்கரைப் பக்கம், இதைவிட அருமையான ஒன்று அவள் தலையில் இருக்கிறது. கெரியின் கண் கலங்கிவிட்டது. அவள் இருக்கிற இடத்தில் இனி வலியில்லை என்றார்.

உயிரோடு இருக்கிறவளுக்கு ஒருவர் அழுதால் எனக்கு எப்படி இருக்கும்? மழை என்றும் பாராமல் வாகனத் தரிப்பிடத்துக்கு ஓடிப்போய்ப் போன் எடுத்தேன். மணி அடித்தது, அடித்தது. ஊரில் பின்னேரம், வேலை விட்டு வருகிற நேரம். கடைசியில் எடுத்தாள். முதலில் அவள் குரல் வரவில்லை. ஊவென்று காற்றுத்தான் வந்தது.

“எங்கயடி நிக்கிறாய்?”

“நிக்கேல்ல அண்ணா, ஓடிக்கொண்டிருக்கிறன். போனை ஹெல்மட்டுக்குள்ள செருகியிருக்கு. உங்கட ஹெல்மட் நல்ல இறுக்கம், பழையதில எண்டா விழுந்து போயிடும்.”

போனை வை என்று சொல்லவேண்டும். சொன்னேன், கத்தியே சொன்னேன். “நீங்கள் வையுங்கோ, என்ர கை ரெண்டும் ஹாண்டிலில,” என்றாள். சரிதானே, அவளால் எப்படி வைக்க முடியும். என் விரல் போனை நிறுத்துகிற அந்தச் சிவப்பு வட்டத்தின் மேலேயே நின்றது. நான் வாங்கிக் கொடுத்த ஹெல்மட்டுக்குள்ளிருந்து கடற்காற்று என் காதுக்குள் வந்துகொண்டிருந்தது, எங்கோ ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது, யாரோ ஒருவர் அவளைக் கடந்து போகையில் கத்தினார்: “தங்கச்சி, ஸ்ராண்ட்!” நான் லெஸ்டர் மழைக்குள் நின்றபடி, பக்கத்தில் நிறுத்தியிருந்த என் வண்டியின் ஸ்ராண்டைக் காலால் தட்டிப் பார்த்தேன்.