மூணு மீட்டர் முன்ன பின்ன

நில அளவைக் கருவிகள் விற்கும் கடை ஒன்று அரக்கோணத்தில் இருக்கிறது. அங்கே என் கணவரை இழுத்துக்கொண்டு போனேன். கையில் வைத்துப் பார்க்கிற ஜி.பி.எஸ். கருவி ஒன்று வேண்டும். எங்கள் முதல் குழந்தையைப் புதைத்த இடத்தை அதில் குறித்து வைக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

பிறந்த அன்றே போய்விட்ட பெண். பச்சைக் குழந்தையை எரிக்க மாட்டார்கள். புதைத்த இடத்தில் கல்லும் நட மாட்டார்கள். பெற்றவளை அங்கே கூட்டிப்போகிற வழக்கமும் எங்களில் இல்லை. எப்போது கேட்டாலும், "கே.ஜி.கண்டிகை தாண்டி, ஏரிக்கர வேம்புகிட்ட" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு இவர் எழுந்து போய்விடுவார். சமீபத்தில் கரையை அகலப்படுத்த அந்த வேம்பை வெட்டிவிட்டார்கள். மிஞ்சியது அடிக்கட்டைதான். அதையும் பிடுங்கிவிட்டால்? இவருக்கு வேறு இதயத்தில் அடைப்பு. இவரும் போய்விட்டால் என் பெண் இருக்கும் இடத்தை எனக்கு யார் காட்டுவார்?

"எதுக்கும்மா இது, போன்லயே எல்லாம் இருக்குதே?" என்றார் கடைக்கார பாய்.

"போன் ரெண்டு வாட்டி செத்துப்போச்சி பாய். அதுல இருந்தது எல்லாம் போச்சி. இது வேற வேல எதுவும் செய்யாம, ஒரு எடத்த மட்டும் ஞாபகம் வச்சிகினு இருந்தா போதும்."

கல்யாணப் புடவை எடுப்பது போல் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். தொடுதிரை வியர்த்த விரலுக்குக் கட்டுப்படாது. பட்டன் வைத்தது போதும். பென் பேட்டரி என்றால் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். வெயிலில் எழுத்து தெரிகிறதா என்று ரோட்டுக்கே கொண்டுபோய்ப் பார்த்தேன். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எவ்ளோ கரெக்டா காட்டும் பாய்?"

"மூணு மீட்டர் முன்ன பின்ன இருக்கும்மா."

மூன்று மீட்டரா! நான் பெற்றது ஒரு முழம். மூன்று மீட்டரில் அவளை எங்கே என்று தேடுவேன்?

நாங்கள் ஏதோ மனை அளக்க வந்தவர்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். "இந்த பட்டன அமுக்கிட்டு நெலத்தச் சுத்தி நடந்தீங்கன்னா, சுத்தின எடத்த அப்படியே வரைஞ்சி வச்சிக்கும்" என்றார்.

"அதெல்லாம் எங்களுக்கு வேணாம் பாய்" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஏரிக்கரைக்குப் போனோம். கட்டை இன்னும் இருந்தது. தூரத்தில் திருத்தணி மலை தெரிந்தது. கருவியைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, "எங்கங்க? காட்டுங்க, அமுக்கிடறேன்" என்றேன்.

இவர் கட்டையைச் சுற்றி வந்தார். சரிவில் இறங்கினார், மறுபடி ஏறினார். பிறகு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தெரியலம்மா."

"தெரியலன்னா என்னா அர்த்தம்?" கத்தியே விட்டேன்.

"நைனாதான் என் கையில இருந்து வாங்கிகினு போனாரு. நீ திரும்பிப் பாக்கக் கூடாது, நேரா நடன்னாரு. நான் பாக்கல. அழுதுகினே வூட்டுக்கு வந்துட்டேன். வேம்பு மட்டுந்தான் ஞாபகம் இருக்குது."

நைனா, அதாவது என் மாமனார், இறந்தே பல வருஷம் ஆகிறது. நான் கேட்டபோதெல்லாம் இவர் எழுந்து போனது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. திரும்பிப் பார்க்காதே என்கிற வழக்கத்தைக் கொண்டுவந்தவன் எதிரே நின்றிருந்தால், அந்தக் கருவியாலேயே அவன் மண்டையை உடைத்திருப்பேன். யாரும் இல்லை. இவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு பாய் காட்டிக் கொடுத்த பட்டனை அமுக்கினேன். இவரைக் கைப்பிடித்து எழுப்பி, கட்டையும் சரிவும் கரைமேடும் உள்ளே வரும்படி பெரிதாக ஒரு சுற்று நடந்தோம். இவருக்கு மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் நின்றோம். சுற்று முடிந்ததும் திரையில் ஒரு கோணல் வட்டம் வந்தது. அதற்குள் எங்கேயோ இருக்கிறாள்.

பஸ் பிடிக்கத் திரும்பியபோது, ரோடு வரும்வரை இரண்டு பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தோம்.