கொடிக்கம்பத்தைக் கட்டிக்கொண்டவள்

இன்றைக்கு லொர்னா மீன்காரியிடம் வாயாடுவதைக் கேட்டால் காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவள் என்று சத்தியமே செய்வீர்கள். பிறந்தது பிலிப்பைன்ஸ். அந்தப் பேச்சு நான் சொல்லிக்கொடுத்தது. அதற்கு முன்னால் நான் சொல்லிக்கொடுத்த வேறொரு விஷயம் என் மானத்தை வாங்கிவிட்டது.

எதிர்வீட்டு ஜெபின் கப்பலில் சமையல்காரன். உல்லாசக் கப்பல் ஒன்றில் துணி வெளுக்கும் வேலையில் இருந்த லொர்னாவைக் காதலித்து, ராயபுரத்துக்குக் கூட்டிவந்து, எங்கள் மாதா கோயிலிலேயே தாலி கட்டினான். மூன்று மாதத்தில் சரக்குக் கப்பல் ஒன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவனுக்கு அப்பா அம்மா கிடையாது. "அக்கா, கொஞ்சம் பாத்துக்கோ" என்று அவளை என்னிடம் விட்டுப் போனான். பார்த்துக்கொண்டேன். என்ன, எனக்கு வாய் நீளம், பொறுமை கட்டை.

ஆகஸ்ட் ஆறாம் தேதி மாதா திருவிழாவுக்குக் கொடியேறியது. மாதா படம் போட்ட கொடி மேலே போகும்போது எங்கள் ஜனம் முண்டியடித்துக் கயிற்றைத் தொடும், கொடிமரத்தைப் பிடித்துக்கொண்டு அழும், வேண்டிக்கொள்ளும். லொர்னா வாயைப் பிளந்து பார்த்தாள். "கொடி ஏறும்போது மரத்தைப் பிடித்துக் கேள், மாதா தருவாள்" என்று என் அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். அன்றைய நெரிசலில் அவளால் கிட்டவே போக முடியவில்லை.

அந்த வாரமே அவள் என் வீட்டுக்கு வந்து, "அக்கா, ஜெபின் போன் இல்லே" என்றாள்.

"கப்பல்னா அப்டித்தாம்மே. நடுக்கடல்ல டவரா கீது?" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்து நின்றாள். மறுபடியும் அதையே சொன்னேன்.

பதினைந்தாம் தேதி எங்களுக்கு இரட்டைப் பண்டிகை. காலையில் மாதா விண்ணேற்புப் பூசை, முடிந்த கையோடு கோயில் வாசலில் சுதந்திர தினம். தேசியக் கொடிக்குள் ரோஜா இதழ்களை வைத்து மடித்து, இழுத்தால் அவிழ்கிற மாதிரி முடிச்சுப் போட்டுக் கம்பத்தடியில் கயிற்றோடு கட்டியிருந்தார்கள். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்சு ஓட்டி ஓய்வுபெற்ற ஸ்டானிஸ்லாஸ் அண்ணன்தான் அன்று கொடி ஏற்றுபவர். மொடமொடவென்று வெள்ளைச் சட்டை, நெஞ்சில் மூவர்ண பேட்ஜ். கயிற்றை இழுத்துக் கொடியை உச்சிக்கு ஏற்றிச் சுண்டினார், பூ கொட்டியது, ஜனகணமன ஆரம்பித்தது.

லொர்னாவின் ஊரில் பூத்தூவுவது மாதாவுக்குத்தானாம். இங்கேயோ கொடியிலிருந்தே பூ கொட்டுகிறது, கூட்டம் ஒதுங்கி நிற்கிறது, கம்பத்தடி காலி. இதை விட்டால் வேறு சமயம் ஏது? ஓடிப்போய் முழங்காலில் விழுந்து, கம்பத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

தேசிய கீதத்துக்கு அசையக் கூடாது. இருநூறு பேர் விறைத்து நிற்கிறோம். ஃபாதர் கண்ணை மட்டும் உருட்டுகிறார். ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் சல்யூட் அடித்தபடியே வியர்த்து வழிகிறார். பாட்டுக்கு நடுவே, "ஜெபின், ஜெபின்" என்று அவள் விம்முவது எல்லோர் காதிலும் விழுகிறது. ஐம்பத்திரண்டு விநாடி இவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பாட்டு முடிந்ததும் அண்ணன் கோபத்தோடு குனிந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "ஜெபினுக்கு இன்னாமே ஆச்சு?"

"பதினோரு நாள். போன் இல்லே."

"யார்கிட்டயும் சொல்லலியா நீ?"

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. "எங்கிட்ட சொன்னா அண்ணே. ரெண்டு தபா சொன்னா. நான்தான் கண்டுக்கல" என்றேன்.

மிட்டாய்த் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. அன்று விடுமுறை, எந்த ஆபீசும் கிடையாது. கப்பல்களுக்குக் காய்கறி, மளிகை ஏற்றுகிற கலீலுல்லா பாய் கொடியேற்றம் பார்க்க வந்திருந்தார். தனக்குத் தெரிந்த கப்பல் ஏஜெண்டுகளின் வீட்டு நம்பரையெல்லாம் எடுத்து, கோயில் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்தார். ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் பழைய சிநேகிதர்களைப் பிடித்தார். பெண்கள் லொர்னாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரோ இட்லி கொண்டுவந்து ஊட்டினார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்குத் தகவல் வந்தது. கொதிக்கிற எண்ணெய் கொட்டி ஜெபினுக்கு இரண்டு கையும் வெந்து, தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்து ஆஸ்பத்திரியில் இறக்கியிருக்கிறார்கள். அவன் போன் கப்பலோடு போய்விட்டது. லொர்னாவின் புது நம்பர் அவனுக்கு மனப்பாடம் இல்லை. கம்பெனியோ அவன் எப்போதோ தங்கியிருந்த விடுதிக்கே தகவல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு நர்ஸ் போனைப் பிடித்துக்கொள்ள, கட்டுப் போட்ட கைகளைத் தூக்கிக் காட்டி அவன் வீடியோவில் சிரித்தபோது, கலீலுல்லா பாய் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் வெட்கம் பார்க்காமல் அழுதேன்.

அது மாதா கொடியில்லை, நாட்டுக் கொடி என்று அவளுக்கு விளக்கிச் சொல்ல இரண்டு நாள் ஆனது. இப்போதெல்லாம் பதினைந்தாம் தேதி முதல் ஆளாக விறைத்து நிற்பது அவள்தான். போன வருஷம் மிட்டாயைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்:

"எங்க நாட்டையும் முந்நூறு வருஷம் வெள்ளைக்காரன் புடிச்சி வச்சிகினு இருந்தான்க்கா. கொடின்னா இன்னான்னு எனக்கும் தெரியும். அன்னிக்கி மாதாவ நெனச்சி அழுதேன். ஆனா எனக்காவ வந்து நின்னது நீங்கல்லாம்தானே."

அந்த 'நீங்கல்லாம்' என்பதில் என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள்.