குடும்பம் தெரியாத வண்டு

எந்தக் குடும்பம் என்று முடிவாகாத வண்டுகள் இப்போதும் இருக்கின்றனவாம். மருமகள் ஃபோனைப் பார்த்துச் சொன்னாள். நான் சிரித்தேன். ஏன் சிரிக்கிறேன் என்று அவளுக்கு விளங்கவில்லை.

சின்னம்மாவின் கலியாணத்துக்கு மாதா கோயிலில் ஓலை வாசித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. மூன்று ஞாயிறும் சுவாமியார், பெண் மாப்பிள்ளை பெயர்களை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார். இரண்டு ஓலை முடிந்திருந்தது. மாப்பிள்ளைக்குச் சீனன்குடாவில் நல்ல உத்தியோகம். அம்மாவுக்கு அப்போது யாரைக் கண்டாலும் சந்தேகம். மீன்காரன் ஒரு மீன் கூடுதலாகப் போட்டாலும் ஏன் போட்டான் என்று யோசிப்பார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கண்ணாடி போட்ட ஒருவர் கூட்டாளியோடு வந்து, வளவில் பட்டுப்போய் நின்ற பூவரசைப் பார்க்கலாமா என்று கேட்டார். கையில் வெறும் போத்தல்கள்.

"பட்ட மரத்தில என்ன பார்வை? மாப்பிள்ளை பகுதி விசாரிக்க ஆளனுப்பியிருக்கு" என்று குசினிக்குள் முணுமுணுத்த அம்மா என்னைக் கூப்பிட்டார். "விளையாடுற மாதிரி அங்க நில். என்ன கதைக்கினம் எண்டு கேட்டுக்கொண்டு வா."

போய் நின்றேன். மரப் பொந்துக்குள் இருந்து அவர் ஒரு வண்டை எடுத்தார். உடம்பைவிட நீளமான இரண்டு கொம்பு அதற்கு. பிடித்ததும் கிறீச் கிறீச்சென்று கத்தியது. அவர் கூட்டாளிக்குச் சொன்னதை வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்கிக்கொண்டு ஓடினேன்.

"பார்வைக்கு இந்தக் குடும்பம் மாதிரித்தானாம், அம்மா. ஆனா சேர்க்க ஏலாதாம். எங்கயிருந்து வந்ததெண்டு வடிவா விசாரிக்கவேணுமாம்."

வண்டைப் பற்றி அம்மா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அம்மா அகப்பையோடு மரத்தடிக்குப் போனார்.

"ஐயா, அவள் என்ர கூடப்பிறந்தவள். இந்தத் தெருவில ஆரையும் கேளுங்கோ."

அவர் திகைத்துப்போய்ப் போத்தலை நீட்டினார்.

"நான் இந்த வண்டைச் சொன்னனான், அம்மா. இது எந்தக் குடும்பமெண்டு படிச்ச ஆக்களுக்கே பிடிபடேல்லை. ஒராள் கொம்பைப் பாத்து உள்ளுக்குச் சேர்ப்பார். இன்னொராள் காலைப் பாத்து வெளிய எடுப்பார்."

அம்மா போத்தலை உற்றுப் பார்த்தார். நம்பிய முகமாகத் தெரியவில்லை.

"என்ர மரத்துக்குள்ள வளந்ததை எங்க சேர்க்கிறதெண்டு நீங்களோ முடிவெடுக்கிறது?"

ஒரு வண்டுக்காக அம்மா இப்படிச் சண்டை பிடிக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தேன். குசினி வாசலில் சின்னம்மா பாதி திருவிய தேங்காயோடு அப்படியே நின்றார்.

ஞாயிறு மூன்றாம் ஓலை. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சுவாமியார் வாசித்துவிட்டு நிறுத்தினார். நான் அம்மாவின் காதுக்குள், "வண்டுக்காரர் வந்திருக்கிறாரோ?" என்று கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினார். ஒருத்தரும் எழும்பவில்லை.

புயலடித்த ஒரு வருசம், பேர் சொல்லத் தெரியாத ஒரு குழந்தையை அம்மப்பா வள்ளத்தில் தூக்கி வந்து அம்மாவுக்குத் தங்கையாக வளர்த்தார் என்பது, எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகுதான் தெரியவந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் வாயை மூடியிருந்த கை ஈரமாய்ச் சில்லிட்டிருந்தது மட்டும்தான். கோயிலுக்குள் சரியான வெக்கை. இந்த வெக்கையில் அம்மாவுக்கு ஏன் குளிருகிறது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.