பறக்கும் வால்

அக்கா பர்ஹானா எதையும் திட்டமிடவில்லை. ஏற்காட்டில் ஜாக்கெட் தைத்தாள், மணப்பெண்களுக்குச் சேலை கட்டிவிட்டாள், இப்போது கல்யாண ஜோடிகளின் போட்டோ ஷூட்டுக்கு பின்னால் துணி நீளமாகப் பறக்கும் வால் கவுன்களை வாடகைக்கு விடுகிறாள். பட்டம் வாங்கிய நான் அவளுக்கு உதவியாள். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

காற்று இழுத்தால் பிய்ந்து போகட்டும் என்று வாலை லேசாகத்தான் தைப்பாள். போன முறை அது பிய்ந்து பறந்துவிட்டதால், "இந்தத் தடவை நல்லா கெட்டியா தைங்க" என்றார் போட்டோகிராபர். தைத்தாள்.

கரடியூர்ப் பாறை விளிம்பில் அந்தக் கவுனில் மணப்பெண் நின்றாள். வால் பள்ளத்தின் பக்கம் விறைத்து எழுந்து அவளை இழுத்தது. அக்கா ஓடிப்போய்க் கத்தரியால் அதை வெட்டினாள். வாலைப் பனிமூட்டம் விழுங்கியது.

"ஏனுங்க, வேற வால் இருக்குங்களா?" என்றார் போட்டோகிராபர்.

வண்டியில் இன்னொரு வால் கவுன் இருந்தது. அதுவும் கெட்டித் தையல்தான்.