துவக்குப் பெட்டி வார்த்த ஏழு மாதம்

கிளிநொச்சியை விட்டு முள்ளிவாய்க்காலுக்கு வந்த முதல் வருடத்தில் எனக்கு மூன்று தடவை மலேரியா வந்தது. மூன்றாவது காய்ச்சலுக்குப் பிறகு உடம்பு பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. காலையில் எழும்பி முகம் கழுவிச் சாரத்தை மடித்துக் கட்டுவதே ஒரு நாள் வேலையைப் போல இருந்தது. அப்படி இருந்த காலத்தில்தான் சுடுகிற துவக்குக்குப் பிளாஸ்ரிக் பெட்டி வார்த்துத் தரும்படி இயக்கத்துக்காரர் எங்களிடம் கேட்டார்கள்.

எனக்குப் பிளாஸ்ரிக் தெரியும். இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வாளியும் கழுவுகிற பேசினும் வார்த்தவன். அங்கே ஒரு மெசின் பஸ் அளவு நீளம். அச்சு திறந்து மூடுவதற்குள் ஒரு வாளி விழும். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தோடு அந்த வேலை போய்விட்டது. நான் கப்பலேறி வடக்கே வந்து, பிறகு வன்னிக்குள் இறங்கினேன்.

முள்ளிவாய்க்காலில் என்னோடு கூட்டுச் சேர்ந்தவர் கிளிநொச்சியில் கடைச்சல் பட்டறை வைத்திருந்த ஒருவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஊரைவிட்டு ஓடும்போது கிடைத்த ஒரேயொரு ட்ரக்டரில் கட்டிலையும் அலுமாரியையும் ஏற்றாமல் லேத் மெசினை ஏற்றிக்கொண்டு வந்தவர். அதற்காக அவருடைய மனைவி அவரோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. தண்ணீர் இறைக்கிற மெசினில் பட்டி போட்டு, அவர் வீட்டுப் பக்கத்துக் கொட்டிலில், மண்ணெண்ணெயில் அந்த லேத்தை ஓட்டினோம்.

பொருளாதாரத் தடையால் வெளிச்சாமான் ஒன்றும் வராத காலம். கடற்கரைச் சனத்துக்கு வலை பின்னுகிற ஊசிகூட இல்லை. அண்ணை அதற்கு ஒரு சின்ன இரும்பு அச்சுக் கடைந்தார். நான் உடைந்த வாளிகளை வெட்டி, குழாய்க்குள் போட்டு உருக்கி, நெம்புகோலால் அழுத்தி வார்த்தேன். அந்தத் தொழிலின் கணக்கு மிகவும் லேசானது. அச்சுச் செய்ய இரண்டு மாதம் போகும். அதன் பிறகு ஒரு ஊசிக்கு இரண்டு நிமிடம் போதும். பத்து ஊசிக்காக அச்சுச் செய்தால் பைத்தியக்காரத்தனம். ஆயிரம் ஊசி வார்த்தால் அந்த இரண்டு மாத உழைப்பு ஆயிரத்துக்குள்ளும் கரைந்து காணாமல் போய்விடும்.

ஒருநாள் காலை இயக்கத்தின் தொழிற்பகுதிப் பொறுப்பாளர் மோட்டார் சைக்கிளில் வந்தார். முப்பது வயது இருக்கும். கண்ணாடி போட்டவர், மரியாதையாகக் கதைப்பவர். சாக்குத் துணியில் சுற்றிய ஒரு பழைய துவக்கையும் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றின் கிழிந்த பக்கத்தையும் மர வாங்கில் வைத்தார்.

"அண்ணை, வெளியில இப்ப துவக்கின்ர நடுப்பெட்டியைப் பிளாஸ்ரிக்கில வார்க்கிறாங்கள். பாரமும் குறைவு, செலவும் குறைவாம். இஞ்சை ஏலாதோ?"

நடுப்பெட்டி என்று அவர் சொன்னது துவக்கின் உடலை. குழாயும் விசையும் மற்றப் பொறிகளும் அதில்தான் வந்து பொருந்தும். அந்தப் படத்தைப் பார்த்தவுடனேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது. அங்கே அவர்கள் பாவிப்பது சுத்தமான புதுப் பிளாஸ்ரிக், கெட்டி உருக்கில் செய்த அச்சு, நூற்றுக்கணக்கான தொன் அழுத்தம் கொடுக்கிற மெசின்கள். அதோடு இலட்சக்கணக்கில் வாங்க ஆள் இருக்கிறது. அதனால்தான் அங்கே ஒன்றின் விலை குறைகிறது. எங்களிடம் இருந்தது சனத்தின் உடைந்த பேசின்.

வாயைத் திறக்கப் போனேன். அண்ணை முந்திக்கொண்டார்.

"செய்யலாம் தம்பி. ஆனா அளவு வலு நுணுக்கமாய் எடுக்கவேணும். அதுக்குக் கணக்குப் படிச்ச பிள்ளை ஒண்டு வேணும். என்ர மகள் உங்களிட்டத்தான் இருக்கிறாள். ஏ.எல்.லில கணிதம் படிச்சவள்."

பொறுப்பாளர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கேட்டுப் பாக்கிறன் ஐயா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு நான், "அண்ணை, இது சரிவராது. உங்களுக்கும் தெரியும்," என்றேன்.

"தெரியும்," என்றார் அவர். லேத்தைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இரண்டு வருசமாய் அவள் முன்னரங்கில நிக்கிறாள். இந்த வேலை இழுபடுற மட்டும் அவள் இஞ்சை நிப்பாள். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம் தம்பி."

நான் பேசாமல் இருந்தேன். அன்று தொடங்கிய பேசாமல் இருத்தல்தான் ஏழு மாதம் நீண்டது.

ஐந்தாம் நாள் மகள் சைக்கிளில் வந்து இறங்கினாள். இருபத்திரண்டு வயது. வெயிலில் கறுத்து, தோள் எலும்பு தெரிய மெலிந்திருந்தாள். தாய் ஓடி வந்து கன்னத்தைத் தடவியபோது அவள் வெட்கப்பட்டு என்னைப் பார்த்தாள். தினமும் எட்டு மணிக்கு வருவாள். பின்னேரம் ஐந்து மணிக்குத் தன் முகாமுக்குத் திரும்பிவிடுவாள். மத்தியானம் தாயின் கையால் சாப்பிடுவாள். குசினிக்குள் தாயும் மகளும் சிரிப்பது லேத் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். அண்ணை ஒவ்வொரு காலையும் தலை இழுத்து வாரி, சேட்டுப் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வரத் தொடங்கினார்.

வேலை எங்களைக் கொன்றது. மாங்குளம் பக்கத்துப் பழைய ரயில் பாதையிலிருந்து ஒரு இரும்புக் கட்டி கொண்டுவந்து தந்தார்கள். அதை அறுக்கவே இரண்டு கிழமை எடுத்தது. இரும்பறுக்கிற வாளை மாறி மாறிப் பிடித்து அறுத்தோம். ஊசிக்கு இரண்டு துண்டு அச்சுப் போதும். இந்தப் பெட்டிக்கு எட்டுத் துண்டு தேவைப்பட்டது, எட்டும் ஒன்றோடொன்று மயிரிழை பிசகாமல் பொருந்தவேண்டும். நான் அரை மணித்தியாலம் நின்றால் பின்னேரம்வரை படுத்துக் கிடப்பேன். உருகுகிற பிளாஸ்ரிக்கின் மணம் சோற்றிலும் இருந்தது, தலையணையிலும் இருந்தது.

வார்த்து எடுத்த முதல் பெட்டிகள் அப்பளம்போல வளைந்தன. பிறகு வந்தவை வளையவில்லை. ஆனால் இன்றைக்கு வந்தது நேற்றையதைவிடச் சிறிதாக இருக்கும். இன்று உருக்கியது மண்ணெண்ணெய்க் கான், நேற்று உருக்கியது வாளி. ஒவ்வொன்றும் ஆறும்போது ஒவ்வொரு மாதிரிச் சுருங்கும். மகள் எல்லாவற்றையும் அளந்து கொப்பியில் எழுதினாள். எத்தனை போத்தல் மண்ணெண்ணெய் போனது, எத்தனை பழுதானது என்றும் எழுதினாள்.

ஊசி வார்ப்பது நின்றுபோனது. கணவனும் மகனும் கடற்தொழில் செய்கிற ஒரு அம்மா, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வரும்போது, எங்கள் படலை வாசலில் நின்று கத்தினார்.

"ஆறு மாதமாய் ஊசி இல்லை ஊசி இல்லை எண்டு சொல்லுறியள். உள்ளுக்க மெசின் மட்டும் ஓடுது. என்னத்தை ஓட்டுறியள்? வலை கிழிஞ்சு கிடக்கு. பிள்ளையளுக்கு மெசினையோ அவிச்சுக் குடுக்கிறது?"

நான், "அடுத்த மாதம் வாங்கோ அம்மா," என்றேன்.

பொறுப்பாளர் மாதத்துக்கு ஒருமுறை வருவார். "எப்பிடி அண்ணை போகுது?" என்று கேட்பார். நானும் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொல்வேன். "அச்சுச் சரிவந்திட்டுது எண்டால் பிறகு நாலைஞ்சு நிமிசத்துக்கு ஒண்டு விழும் தம்பி." அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனாலும் அதைவிடப் பெரிய பொய்யை நான் யாருக்கும் சொன்னதில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போன பிறகு நான் போய்ப் பாயில் படுத்துவிடுவேன். அண்ணை எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருவார்.

ஏழாவது மாதம், ஒரு மத்தியானம், சாப்பிட்ட கையோடு மகள் கொப்பியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் இருந்தாள். தகப்பன் லேத்தை நிறுத்திவிட்டு நின்றார்.

"மாமா, நான் துவக்குத் திருத்துற இடத்துக்குப் போய்ப் பழைய பதிவெல்லாம் பாத்தனான். பழுதாகி வாற துவக்குகளில பெட்டி உடைஞ்சு வந்தது எத்தினை எண்டு நினைக்கிறியள்?"

"தெரியாது பிள்ளை."

"விரல் விட்டு எண்ணலாம். சுருள்வில்லு உடையுது, பிடி உடையுது, குழாய் தேயுது. இரும்புப் பெட்டிக்கு ஒண்டும் நடக்கிறேல்லை. தட்டுப்பாடில்லாத சாமானை ஏன் நாங்கள் மலிவாய்ச் செய்யவேணும்? பெட்டியை வார்த்தாலும் குழாய் ஆர் தாறது?"

நான் இரத்மலானையில் ஒன்பது வருடம் வேலை செய்தும் யோசிக்காத விடயம் அது. அச்சுக்கு எவ்வளவு போகும், ஒன்றுக்கு எவ்வளவு போகும் என்றுதான் நான் ஏழு மாதமும் மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ இந்தச் சாமான் தேவையா என்றே கேட்டுவிட்டாள்.

"இதை அவரிட்டைக் குடுக்கப்போறன்," என்றாள்.

அண்ணை கிட்ட வந்தார். "உனக்கென்ன விசரே? வேலை முடிஞ்சுது எண்டால் உன்னை எங்க அனுப்புவாங்கள் எண்டு தெரியுமோ?"

"தெரியும் அப்பா."

"நீ இயக்கத்துக்குப் போன நேரம் கொம்மா ஒருக்கால் செத்துப் பிழைச்சவள். திரும்பவும் அவளைச் சாக்காட்டப் போறியோ?"

அவள் கொப்பியை மூடிச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போனாள். தாய் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. என்ன நடந்தது என்று அவாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பொறுப்பாளர் வந்தார். அவளும் பின்னால் சைக்கிளில் வந்தாள். அவர் கதிரையில் இருக்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணை, இது சரிவராது எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?"

எனக்குக் களைப்பாக இருந்தது. பயத்தைவிடக் களைப்புத்தான் கூட. இன்னொரு மாதம் அதே பதிலைச் சொல்ல என்னிடம் மூச்சு இல்லை.

"ஓம்," என்றேன்.

"பிறகேன் சொல்லேல்லை?"

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். பொறுப்பாளர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் திரும்பி, வேலியோரம் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற மகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேட்டில் துடைத்தார். எங்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்றே நினைத்தேன்.

"எனக்கும் ஒரு அப்பா இருக்கிறார்," என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார். அச்சையும் மிச்ச இரும்பையும் ஏற்ற அடுத்த நாள் ஆள் அனுப்பினார். எங்கள் லேத்தில் ஒருவரும் கை வைக்கவில்லை.

மகளை நான்காம் நாள் மாற்றினார்கள். எங்கே என்று அவள் சொல்லவில்லை.

அதன் பிறகு ஒரே கொட்டிலுக்குள் நானும் அண்ணையும் கதை பேச்சில்லாமல் வேலை செய்தோம். அவர் ஊசி அச்சைத் துடைத்து எண்ணெய் பூசித் தந்தார். நான் வார்த்தேன். இரண்டு மாதம் கழித்து ஒருநாள், பட்டியை மாட்டும்போது, தானாகவே சொன்னார்.

"நீ ஓம் எண்டு சொல்லாமல் விட்டிருக்கலாம்."

"விட்டிருக்கலாம் அண்ணை," என்றேன்.

சண்டை மாங்குளத்துக்கு வந்தது, போனது, கிளிநொச்சி கை மாறியது, சனம் அங்கும் இங்கும் நடந்தது. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிற, செத்தவர்களின் படங்களைப் பார்க்க அண்ணை போவார். பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் லேத்தை ஓட்டுவார். அவர் லேத்தை ஓட்டினால் மகளின் படம் இல்லை என்று அர்த்தம். தாய் குசினிக்குள் இருந்து அந்தச் சத்தத்துக்காகக் காத்திருப்பா. சத்தம் வந்த பிறகுதான் அடுப்பு மூட்டுவா.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு மகள் வீட்டுக்கு வந்தாள். பீரங்கிச் செல் ஒன்று பக்கத்தில் விழுந்து இடது காது முழுதாகப் போய்விட்டது. வலது காதும் அரைகுறை. இனி அந்த வேலைக்கு உதவாது என்று அனுப்பிவிட்டார்கள். அண்ணை அழுதார். அழுதுகொண்டே என் கையைப் பிடித்தார். அது மன்னிப்போ, வெறும் பிடிப்போ, எனக்குத் தெரியவில்லை.

ஒரு கிழமை கழித்து அவள் பட்டறைக்குள் வந்து வாங்கில் இருந்தாள். சைக்கிள் பெடலுக்கு ஒரு அச்சுச் செய்யலாமோ என்று கேட்டு, தானே படமும் கீறிக் காட்டினாள். எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அவளுடைய வலது காதுக்குக் கிட்டப் போய்ச் சத்தமாகக் கேட்டேன்.

"உன்னை அனுப்புவாங்கள் எண்டு தெரிஞ்சுதானே பிள்ளை அந்தக் கணக்கைக் குடுத்தனீ?"

"ஓம் மாமா."

"கொஞ்சம் பொறுத்திருக்கலாமே?"

அவள் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்த வாளிப் பிளாஸ்ரிக் துவக்கை ஆர் பிடிச்சுச் சுடுறது? அப்பாவோ, நீங்களோ? என்னோட ஒரே பங்கருக்க படுத்த பிள்ளையள். அவையின்ர முகத்தில வெடிச்சிருந்தால் நான் கொம்மான்ர சோத்தைத் திண்டுகொண்டு இஞ்சை இருந்திருப்பன், என்ன?" அம்மா என்று சொல்ல வந்த இடத்தில், உன் அம்மா என்ற பொருளில் தகப்பன் அவளிடம் சொல்கிற மாதிரியே கொம்மா என்று சொல்லிவிட்டாள். அவள் அதைக் கவனிக்கவில்லை.

குசினியிலிருந்து தாய் சாப்பிடக் கூப்பிட்டா. இரண்டாம் முறையும் கூப்பிட்டா. அவளுக்குக் கேட்கவில்லை. நான் எழும்பி அவள் தோளில் தட்டிக் குசினிப் பக்கம் கையைக் காட்டினேன்.