அண்ணி அழித்த கோடுகள்

அண்ணன் வாங்கிய மனை கிளியனூரில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லைக்குப் பக்கத்தில். நான் கட்டுமானப் பொறியாளர், வரைபடம் என்னுடையது. சமையலறை வரவேண்டிய மூலையில் இடுப்பளவு புற்று. எங்கள் பக்கத்தில் புற்றைக் கேட்காமல் இடிக்க மாட்டார்கள். பாலும் முட்டையும் வைத்து, பம்பை அடித்து, நாகாத்தம்மனை யார் மேலாவது இறக்கி, 'எடுத்துக்கோ' என்று அவள் சொன்ன பிறகுதான் மண்வெட்டி.

அந்த வீட்டுக்காக அதிகம் தவித்தவர் அண்ணி. திண்டிவனத்தில் எங்கள் கூட்டுக் குடும்பத்துக்குள் வந்த நாளிலிருந்து, புடவை மாற்றக்கூட ஆளில்லாத மூலை தேடுபவர்.

எனக்கு மனதில் எப்போதும் ஒரு பட்டியல் ஓடும்: கம்பி, ஜல்லி, மேஸ்திரி, தண்ணீர் லாரி. பூஜையும் அதில் ஒரு வரி, அவ்வளவுதான்.

போன வருடம் ஆடி வெள்ளி, நல்ல வெயில். எங்கள் குடும்பத்தில் சாமியாடுபவர் பெரியப்பா. மஞ்சள் துணி கட்டி நின்றார். பம்பை வேகமெடுத்தும் அவர் மேல் எதுவும் வரவில்லை.

"பெரியவருக்கு மூட்டு வலியாம். ஆத்தா வேற ஆளு தேடிக்கினு இருக்குது," என்று பக்கத்துக் கொல்லைக்கார அம்மா என் காதில் சொன்னார். நான் சிரித்து முடிப்பதற்குள் அருகில் நின்ற அண்ணி சரிந்தார்.

வெயில் மயக்கம் என்று நினைத்தேன். இரண்டு கைகளும் தலைக்கு மேல் குவிந்து படமெடுத்தன. முழங்காலில் நின்று அசைந்தார். பிறகு வயிற்றால் ஊர்ந்தார். சம்மதம் கிடைத்துவிடும் என்ற தைரியத்தில் காலையிலேயே கடைக்கால் தோண்டச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தோம். அதன் மேலேயே ஊர்ந்தார். கூடம் அழிந்தது, படுக்கையறை அழிந்தது.

"வந்துருக்கிறது யாரு தாயே? வாக்குக் குடு," என்றார் பம்பைக்காரர்.

"என் தலைமாட்டுல அடுப்பு வைப்பியாடா? ஒருத்தரும் இங்க குடியிருக்க மாட்டீங்க."

அண்ணியின் குரல்தான். பார்த்தது எதிரே நின்ற அண்ணனை; அவனை அவர் 'டா' போட்டு நான் கேட்டதில்லை.

தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்தார். புடவையைத் தட்டினார்.

"இன்னாது இது, சுண்ணாம்பு? பெரிய மாமா மேல வந்துச்சா? எடுத்துக்கச் சொல்லிச்சா?"

பெரியப்பா மஞ்சள் துணியை அவிழ்க்க ஆரம்பித்தார். திரும்பும் வழியில் ஆட்டோவில் நான்தான் நடந்ததைச் சொன்னேன்.

"என் வாயாலயா?" என்றார்.

அடுத்த ஆடியில் மறுபடி வாக்குக் கேட்கலாம் என்பது வழக்கம். இந்த வருடம் அண்ணன் அனந்தபுரத்திலிருந்து வேறு பம்பைக் குழுவைப் பேசிவிட்டு வந்தான்.

"நீங்க வூட்லயே இருங்க அண்ணி. பெரியப்பா பாத்துப்பாரு," என்றேன்.

கதவுக்குப் பின்னால் நின்று புடவை மடித்துக்கொண்டிருந்தார். "வேணாம்மா. எடுத்துக்கோன்னே சொன்னாலும் நான் அங்க போக மாட்டேன்."

"பாம்புன்னா பயமா?"

"பாம்புக்கு இன்னா பயம். பகல்ல உங்க அண்ணன் வேலைக்குப் போயிடுவாரு. அந்த வூட்ல நான் ஒருத்திதான். அந்தக் குரல் மறுபடி வந்துச்சின்னா, இன்னா சொல்லிச்சின்னு எனக்குச் சொல்ல யாரு இருப்பா?"

மறுநாள் பம்பைக்காரருக்கு நானே போன் செய்து, வரவேண்டாம் என்றேன்.