அம்சம் வெட்டிய பள்ளம்

கீழ்வேளூருக்குக் கிழக்கே, துரைராசுவின் அரிசி மில்லை ஒட்டி இருக்கிறது அம்சத்தின் வீடு. நாற்று நட்டு நட்டே முதுகு வளைந்தவள் கட்டிய வீடு, மில்லுக்கு முன்பே வந்தது. யாரிடம் பேசினாலும் அதை முதலில் சொல்லிவிடுவாள். வாய் கொஞ்சம் நீளம்தான். அந்த வாய் இல்லாவிட்டால் அவளை எப்போதோ மிதித்துப் போட்டிருப்பார்கள்.

மில்லில் பெரிய சல்லடை மெஷின் ஒன்றைப் புதிதாக இறக்கினார்கள். அரிசியைக் குலுக்கிக் குருணையைப் பிரிக்கிற மெஷின். அது ஓட ஆரம்பித்ததும் அம்சத்தின் வீடு நடுங்கியது. அலமாரியில் தட்டுகள் நகர்ந்தன, மேற்குச் சுவர் மேலிருந்து கீழாக விரிசல் விட்டது. அவள் மில் வாசலில் நின்று துரைராசுவின் பரம்பரையில் ஒருவரையும் விடாமல் ஏசினாள். அவர் ஏறிட்டும் பார்க்காமல் காரில் ஏறிப் போனார்.

ஆனால் கேஸ் போட்டுவிடுவாளோ என்ற பயம் அவருக்கு இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து இன்ஜினியரை வரவழைத்தார். மெஷினுக்கு அடியில் கனத்த ரப்பர் வைத்தும் அதிர்வு பாதிதான் குறைந்தது. மில்லுக்கும் அவள் சுவருக்கும் நடுவே நீளமாகப் பள்ளம் வெட்டி, பக்கங்களைச் செங்கல் வைத்துக் கட்டி, உள்ளே ஒன்றும் போடாமல் விடச் சொன்னார் இன்ஜினியர்.

மில்லை நிறுத்திவிட்டு வெட்டினார்கள். எதற்கென்று அம்சத்திடம் ஒருவரும் சொல்லவில்லை. துரைராசு நாலு எட்டு நடந்து வந்து சொல்லியிருக்கலாம். அம்சத்தின் சாதிக்காரர்கள் குடியிருக்கிற அந்தத் தெருவில் கால் வைப்பது அவருக்குக் கேவலம்.

அம்சம் பள்ளத்தைப் பார்த்தாள். அவள் அப்பன் காலத்தில் ஊருக்கும் அந்தத் தெருவுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் இருந்தது. செருப்புப் போட்டுக்கொண்டு அதைத் தாண்டிய தெருக்காரனைக் கட்டி வைத்து அடித்திருக்கிறார்கள். இப்போது துரைராசு மறுபடியும் நம்மை ஒதுக்கி வைக்கிறான் என்று நினைத்தாள். மறுநாள் காலையில் தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு, வயல் வாய்க்காலைத் தூர்வாரிக் கரையில் கொட்டியிருந்த மண்ணைச் சுமந்து வந்து பள்ளத்தை மூடிவிட்டாள்.

துரைராசு மில்லை ஓட்டச் சொன்னார். ஆடட்டும், அவள் வீடுதானே என்றாராம். விரிசலில் விரல் நுழைந்தது.

மில்லில் மெஷின் பார்க்கிற ஜாஹித்துக்கு மனசு கேட்கவில்லை. அவளைத் தேடி வந்தான்.

"அக்கா, ஆட்டம் மண்ணு வழியாத்தான் உங்க வீட்டுக்கு வருது. நடுவுல மண்ணு இல்லன்னா வராது. உங்க சொவரு நிக்கணும்னுதான் அதை வெட்டுனாங்க."

அம்சம் சுவரின் விரிசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, இதை முன்னமே சொல்ல உன் முதலாளிக்கு வாயில்லையா என்று அவனிடம் பாய்ந்தாள். மண்ணை எடுக்க ஆள் விடச் சொல்லி அவன் வழியாகவே கேட்டும் அனுப்பினாள். அவள் மில்லுக்கு வந்து எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

அவள் போகவில்லை. மண்வெட்டியை எடுத்து, மூடிய பள்ளத்தைத் தானே தோண்ட ஆரம்பித்தாள். அன்று கூட மண் சுமந்த பெண்கள் சுற்றி நின்று, உனக்குப் பைத்தியமா என்றார்கள். அவள் மண்ணை வெட்டி வெட்டி மேலே எறிந்தாள். உள்ளங்கை கொப்பளித்தது. தெருவே கூடிவிட்டதைப் பார்த்துத் துரைராசு மில்லிலிருந்து வெளியே வந்தார். முதல் தடவையாக அவளிடம் நேரே பேசினார். ஆள் அனுப்புகிறேன், மேலே ஏறு என்றார்.

அம்சம் நிமிர்ந்தாள்.

"வேணாங்க. அன்னிக்கு நீங்க வெட்டுனதை நான் மூடிட்டேன். இது நான் வெட்டுறது. இதைத் தாண்டி இந்தப் பக்கம் வராதீங்க."